மணலில் மிஞ்சும் தங்கம்

கே.ஜி.எஃப்.காரன், ஆப்பிரிக்காவில் தங்கம் எடுத்துவிட்டு வந்தவன் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஒரு அம்பது லட்சம் போட்டா எவ்வளவு வரும்?" இப்படிக் கேட்பவர்களில் வட்டிக் கடைக்காரர் உண்டு, ஐ.டி. வேலையை விட்ட இளைஞர் உண்டு, நிலம் விற்ற பணத்தை வங்கியில் போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் இருப்பவர் உண்டு. போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பா மில்லில் இருந்தார். கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரிக்கும் இடம் அது. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். என் வயதுக்காரர்கள் பலர் மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். எனக்கு ஃபிட்டர் வேலையும், அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட மில் வேலையும் கையில் இருந்தன. தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே இருந்த ஒரு பெரிய சுரங்கத்தில் வேலை கிடைத்தது. அங்கே பாறை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. கோலாரைப் போலவே அதுவும் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பச்சைப்பாறைப் பட்டை. வெள்ளைக்கல் ரேகை ஓடும் இடத்தில் தங்கம் இருக்கும்.

பெரிய கம்பெனியின் வேலிக்கு வெளியே இன்னொரு உலகம் இருந்தது. அங்கே கெய்ட்டா நகரத்தைச் சுற்றிய கிராமங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கடப்பாரையும் கயிறும் வைத்துக்கொண்டு கல் எடுத்தார்கள். அந்தக் கல்லை அரைக்க 'கராஷா' என்று அவர்கள் சொல்லும் அரவை மில்கள் ஊருக்கு ஊர் இருந்தன. உலகம் முழுக்க இப்படிச் சிறு அளவில் தங்கம் எடுத்துப் பிழைப்பவர்கள் 1 கோடிக்கும் மேல். அவர்களோடு தொழில் செய்யலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது 2011-ல். அப்போது ஒரு அவுன்ஸ் தங்கம் 1,900 டாலரைத் தொட்டிருந்தது. கம்பெனி வேலையை விட்டேன்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பணத்தை முதலில் தொலைப்பது இங்கேதான். தான்சானியாவின் 2010 சுரங்கச் சட்டப்படி, சிறு சுரங்க உரிமம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். உரிமம் ஏழு ஆண்டுக்கு. வெளிநாட்டுக்காரன் தன் பெயரில் அதை வாங்க முடியாது. கானாவிலும் அப்படித்தான். ஆகவே உரிமம் வைத்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்தேன். நிலமும் குழியும் அவருடையவை. மில், தொட்டி, பம்ப், என் கைவேலை எல்லாம் என் பங்கு. வக்கீல் முன்னால் எழுதி, இரண்டு மொழியில் படித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டோம். வாய்ப்பேச்சில் சேர்ந்த கூட்டுகள் முதல் நல்ல கல் வந்த அன்றே உடைந்ததை அந்த ஊரில் பார்த்திருந்தேன்.

இந்தியாவில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குத்தகை இல்லாமல் யாரும் தங்கம் தோண்ட முடியாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குத்தகை ஏலத்தில்தான் கிடைக்கும். அது கம்பெனிகளின் ஆட்டம். நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கம் வெள்ளைக்காரர்கள் 1880 வாக்கில் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை ஆரம்பித்து, சில வருடங்களிலேயே பெரும்பாலானவற்றை இழுத்து மூடிவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன சுரங்கக் குழிகளில் இறங்கிக் கல் எடுக்கப்போய் நம் ஏழை ஜனங்கள் மண் சரிந்து செத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

இனி கல்லுக்கு வருகிறேன்.

சிறு சுரங்கத்தில் எல்லோரும் காட்டுவது மின்னும் கல்லைத்தான். கூட்டுச் சேர்ந்த புதிதில் எனக்கும் ஒன்றைக் காட்டினார்கள். உள்ளங்கை அளவு வெள்ளைக்கல், நடுவில் கண்ணுக்குத் தெரியும் தங்கம். அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். "மின்னுதுன்னா, தங்கம் மாதிரியே இருக்குற பைரைட்டா இல்லையான்னு மொதல்ல பாரு. தங்கமாவே இருந்தாலும் ஒரு கல்லு ரேகை ஆயிடாதுடா. எத்தன எடத்துல சாம்பிள் எடுத்த?" என்றார். எடுக்கவில்லை. மறுநாள் காலையில் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். ரேகையின் குறுக்கே, கை நீள இடைவெளி விட்டு, மின்னும் இடமென்று பொறுக்காமல், எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கல் உடைத்துப் பையில் போட்டேன். பை ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ம்வான்ஸா நகரத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன்.

அங்கே செய்வது அஸ்ஸே சோதனை. பொடியாக்கிய கல்லை ஈய ஆக்ஸைடோடும் வெங்காரத்தோடும் சேர்த்து உருக்கினால், ஈயம் கீழே இறங்கும்போது தங்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பிறகு அந்த ஈயத்தை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்ற, கிண்ணம் ஈயத்தைக் குடித்துவிடும். கடைசியில் மிஞ்சும் சிறு மணியில் கலந்திருக்கும் வெள்ளியை அமிலத்தில் கரைத்துவிட்டு, தங்கத்தை நிறுத்துச் சொல்வார்கள். எனக்கு வந்த சீட்டில் பாதிப் பைகளில் ஒன்றுமே இல்லை. சில பைகளில் டன்னுக்கு 3, 4 கிராம். ஒரே ஒரு பையில் 40-க்கு மேல். அந்த மின்னும் கல் அந்தப் பை எடுத்த இடத்தில்தான் கிடைத்திருக்க வேண்டும். தங்கம் பொடியாகப் பரவாமல் கொத்துக் கொத்தாக இருக்கும் ரேகைகள் இப்படித்தான் இருக்கும். ஒரு மூட்டை பணக்காரன் ஆக்கும், அடுத்த நூறு மூட்டை டீசல் காசைக்கூடக் கொடுக்காது.

டன்னுக்கு 10 கிராம் என்று வையுங்கள், நல்ல கல்தான். 50 கிலோ மூட்டையில் அரை கிராம். முழுவதும் கைக்கு வந்தால் ஒரு சவரனுக்கு 16 மூட்டை. முழுவதும் ஒருநாளும் வராது. அரைத்த பொடியில் பாதரசம் கலந்துதான் அங்கே தங்கத்தைப் பிடிப்பார்கள். பல இடங்களில் இப்படிப் பிடிபடுவது கல்லில் உள்ளதில் 40 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் ஒரு சவரனுக்கு நாற்பது மூட்டைக்கு மேல் உடைத்து, தூக்கி, அரைத்து, கழுவ வேண்டும். அந்த நாற்பது மூட்டையும் குழிக்காரர், உரிமக்காரர், தோண்டினவர்கள் என்று பங்கு பிரியும். கல் வராத மாதங்களில் தோண்டுபவர்களுக்குச் சோளமாவும் பீன்ஸும் குழிக்குப் பணம் போட்டவர்தான் தர வேண்டும். தங்க வியாபாரம் என்று போன நான், என் கணக்குப் புத்தகத்தில் அதிகம் எழுதியது டீசல், பம்ப், மரம், சாப்பாடு ஆகிய நான்கையும்தான்.

மரம் குழிக்கு. பத்து, இருபது மீட்டர் இறங்கும் குழிக்கு நான்கு பக்கமும் சட்டம் அடித்து மண்ணைத் தாங்க வேண்டும். செலவைக் குறைக்க எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான். எங்கள் குழியில் அதைக் குறைக்க நான் சம்மதிக்கவில்லை. கே.ஜி.எஃப்.பில் பிறந்தவனுக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பாறை வெடித்துச் சரிந்த நாட்களில் சங்கு ஊதினதும் லைன் முழுக்கப் பெண்கள் ஷாஃப்டுக்கு ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மழைக்காலத்தில் குழியை மூடிவிடுவோம். அந்த மாதங்களில் வருமானம் இல்லை, வட்டி மட்டும் உண்டு. பக்கத்துக் குழிகளில் மழையிலும் இறங்கினார்கள். எங்கள் ஆட்களில் சிலர் அங்கே போய்விட்டார்கள். கூட்டாளியான பெரியவர் கோபித்துக்கொண்டார். இருந்தும் திறக்கவில்லை.

இப்படிக் குழியில் ஈடுகட்ட முடியாததை நான் ஈடுகட்டியது மணலில். அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறு தங்கத் தொழிலில் காசு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பார்க்கிறார்கள், வெளியே யாரும் சொல்வதில்லை.

கல்லை அரைத்து, சிசல் நார்ச் சாக்கு விரித்த சரிவுப் பலகையில் கழுவி, கனமானதைப் பிடித்து, அதில் பாதரசம் சேர்த்துத் தங்கம் எடுத்தபின், மீதி மணல் மில் பக்கத்தில் குவிந்து கிடக்கும். அதில் பாதிக்கும் மேற்பட்ட தங்கம் இன்னும் இருக்கும். சயனைடில் கரைத்தால் அது வரும். சிமெண்ட் தொட்டியில் மணலைக் கொட்டி, முதலில் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தை உயர்த்தி, பிறகு சயனைடு கரைசலை மேலிருந்து விட வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் விஷவாயு எழும், அது ஆளைக் கொன்றுவிடும். கரைசல் மணலில் இறங்கித் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வந்து கரித்துகளில் ஒட்டும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கரியைப் பிரிப்பு ஆலைக்குக் கொண்டுபோனால் தங்கம். களிமண் அதிகமிருந்தால் கரைசல் இறங்காது, தொட்டி அடைத்துக்கொள்ளும், அந்தத் தொட்டிக்குப் போட்ட காசு போனதுதான். கே.ஜி.எஃப்.பில் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளில் சறுக்கி விளையாடியவன் நான். அந்த மேட்டிலும் இன்னும் தங்கம் உண்டு என்று அப்பா சொல்வார். அதனால் மில்களுக்குப் பக்கத்தில் குவிந்த மணலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த மணலை மில்காரர்களிடமும் சிறு குழிக்காரர்களிடமும் வாங்கினேன். லாரி கணக்கில் விலை பேசுவார்கள். வாங்குமுன் நான் சாம்பிள் எடுத்து அனுப்பிச் சீட்டு வாங்கிவிடுவேன். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. என் முதல் நல்ல லாபம் முழுக்க அந்த வித்தியாசத்திலிருந்துதான் வந்தது. சட்டப்படி அதில் தவறில்லை. அந்த ஊரில் மணல் வாங்கும் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள்.

கணவனை இழந்த ஒரு பெண் தன் மில் மணலை என்னிடம் விற்றுவந்தார். ஒருமுறை பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார். "பாஸ், இதுல எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரியும் என்றேன். "அப்ப எனக்கும் சொல்லிட்டு வாங்குங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து சீட்டை விற்பவர் கையில் கொடுத்துவிட்டு விலை பேசினேன். சுண்ணாம்பு, சயனைடு, டீசல், கூலி, எல்லாச் செலவையும் கழித்து மிஞ்சுவதில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. மற்ற மணல் வியாபாரிகள் என்னைத் திட்டினார்கள், எனக்கு டன்னுக்கு வந்த லாபமும் நன்றாகக் குறைந்தது. ஆனால் மணல் தேடி நான் அலைவது நின்றுபோனது. தூரத்துக் கிராமங்களிலிருந்தும் என் தொட்டிக்கே கொண்டுவந்தார்கள். 2013-ல் தங்க விலை விழுந்து வருடக் கடைசியில் அவுன்ஸ் 1,200 டாலர் பக்கம் வந்தபோது, குறைந்த விலைக்கு மணலை வாங்கிப் பழகிய பலர் தொட்டியை மூடினார்கள். என்னோடு பாதிப் பங்கில் இருந்தவர்கள் விலை விழுந்ததையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். என் தொட்டி ஓடியது.

ஆனாலும் அந்த மணலில் இன்னொன்று இருந்தது, பாதரசம்.

ஏற்கெனவே பாதரசம் போட்ட மணலைச் சயனைடில் போட்டால் தங்கத்தோடு பாதரசமும் கரையும். கரைந்த பாதரசம் தண்ணீரோடு எங்கே வேண்டுமானாலும் போகும், ஏரிக்கும் போகும். பாதரசத்தை எடுக்காமல் மணலைச் சயனைடில் போடுவதை, ஒழிக்க வேண்டிய மோசமான முறைகளில் ஒன்றாக 2013-ல் நாடுகள் கூடி ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை எழுதிவைத்திருக்கிறது. காற்றில் கலக்கும் பாதரசத்தில் மனிதச் செயலால் வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. நான் அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். பாதரசமும் தங்கமும் சேர்ந்த கட்டியைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டுவார்கள், அதே அடுப்பில்தான் பிறகு சோறு பொங்கும். தாயின் முதுகில் கட்டிய குழந்தை அந்த ஆவியை மூச்சில் இழுக்கும். பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. நடுக்கம், ஞாபகமறதி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் மெல்லப் பின்னால் வரும்.

மூடிய கலத்தில் வைத்துச் சூடேற்றினால் பாதரசத்தைத் திரும்பப் பிடிக்கலாம். இரும்புக் கலம் செய்து கொடுத்தேன். யாரும் வாங்கவில்லை. உள்ளே தங்கம் என்ன ஆகிறது என்று கண்ணுக்குத் தெரியாததால், யாரோ திருடிக்கொள்வார்கள் என்று பயந்தார்கள். பயத்தில் நியாயம் இருந்தது. பிறகு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துச் செய்யும் முறையைக் காட்டினேன், தங்கம் கண்முன்னே இருக்கும். அதை ஏற்றுக்கொண்டார்கள். அதைவிட நல்லது பாதரசமே வேண்டாம் என்பது. பலகையில் நன்றாகக் கழுவி, கனமான பொடியை மட்டும் சுத்தமாகப் பிரித்து, வெங்காரம் சேர்த்து உருக்கினால் தங்கம் தனியே அடியில் இறங்கும். பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலையில் சிறு சுரங்கக்காரர்கள் பல வருடமாக இப்படித்தான் செய்கிறார்கள். நம் ஊர்ப் பத்தர் பட்டறையில் தினமும் பயன்படும் அதே வெங்காரம்.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். பாதரசம் தொடாத மணலுக்குத்தான் என் தொட்டி. வெங்காரத்தில் உருக்கக் கற்றுத்தருகிறேன், அடுப்பும் தருகிறேன். வந்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மீதிப்பேரின் மணலில் தொட்டியை நிரப்பினேன். வருமானம் அந்த வருடம் மிகவும் குறைந்தது. மறு வருடமும் பழைய அளவுக்கு ஏறவில்லை. இதற்குப் பின்னால் நல்லது நடந்து எல்லாம் ஈடாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான், ஆனால் நடக்கவில்லை. அந்த நிபந்தனைக்கு நான் கொடுத்த விலை அப்படியே நின்றது. இன்று கேட்டாலும் அதே நிபந்தனையைத்தான் வைப்பேன்.

தூசியும் அப்படித்தான். அங்கே மில்கள் கல்லைக் காயவைத்து உலர்வாக அரைக்கும். மில் பையன்கள் தலை முதல் கால் வரை வெள்ளையாக நிற்பார்கள். அப்பாவின் கடைசி வருடங்களைப் பார்த்தவன் நான். சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது, மருந்தும் கிடையாது. நாங்கள் தண்ணீர் விட்டு ஈரமாக அரைத்தோம். அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு இன்னொரு பம்ப், அதற்கும் டீசல்.

அரசாங்கத்தோடான கணக்கையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-ல் தான்சானியாவில் தங்கத்துக்கான ராயல்டி 4-லிருந்து 6 சதவீதமானது, சோதனைக் கட்டணம் 1 சதவீதம் தனி. 2019-ல் கெய்ட்டாவில் தொடங்கி அரசுத் தங்கச் சந்தைகளைத் திறந்தார்கள். சிறு சுரங்கக்காரர்களுக்கு மதிப்புக் கூட்டு வரி முதலானவற்றை நீக்கினார்கள். அன்றைய உலக விலை பலகையில் எழுதியிருக்கும், எடை எல்லோர் கண்முன்னும் போடுவார்கள். முன்பு தரகர் சொன்னதுதான் விலை. சிறு குழிக்காரருக்கு அந்தச் சந்தை செய்த நன்மை பெரிது. மணல் சீட்டை நான் கையில் கொடுத்ததன் பெரிய வடிவம்தான் அது என்று எனக்குத் தோன்றியது.

சில வருடங்களுக்கு முன் என் பங்கைப் பெரியவரின் மகனுக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். போட்ட பணம் வந்தது. அதற்குமேல் வந்தது, ஒரு கம்பெனியில் அதே காலம் நல்ல வேலை பார்த்திருந்தால் சேர்ந்திருக்கும் தொகைக்குக் கொஞ்சம் கூட. அம்பது லட்சம் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து கிடைக்கும் நேர்மையான விடை அதுதான். உரிமம் சரியாக இருந்து, சாம்பிள் எடுத்து, மணலின் கணக்கும் தெரிந்து, வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தவனுக்கு வந்த விடை. சென்னையிலிருந்து பணம் மட்டும் அனுப்புகிறவருக்கு இது வராது.

ஆப்பிரிக்காவிலிருந்து தங்கத்தூள் குறைந்த விலைக்கு வருகிறது, முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். அன்றைய விலைக்கு வாங்கக் கெய்ட்டாவில் சந்தை திறந்திருக்கும்போது யாரும் கடல்தாண்டி உங்களுக்குத் தள்ளுபடியில் விற்கமாட்டார்கள்.

உண்மையிலேயே இறங்க நினைப்பவர்கள் முதலில் செலவு செய்ய வேண்டியது சாம்பிளுக்கு. நீங்களே உள்ளே இறங்கி, நீங்களே உடைத்து, நீங்களே பையில் எண் எழுதி அனுப்புங்கள். அந்தச் சீட்டு கைக்கு வரும்வரை நிலத்துக்கோ மில்லுக்கோ ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள். குழிக்குச் சட்டம் அடிக்கவும், பாதரசம் இல்லாமல் உருக்கவும், ஈரமாக அரைக்கவும் ஆகும் செலவைக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். அதை எழுதிய பிறகும் லாபம் தெரிந்தால் போங்கள். அடகு வைத்த நகையும் பிள்ளைகளின் படிப்புப் பணமும் மட்டும் இதற்குள் வர வேண்டாம்.